செங்கோட்டைக்குப் போன புகையிலை

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவார்கள். நான் போனது என் சகலையை ஜெயிக்க. சகலை, அதாவது என் மனைவியின் அக்காள் புருஷர். மாமனார் வீடு செங்கோட்டையில், திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். அங்கே புகையிலைக்குத் தீர்வை அதிகம். சகலை ஒவ்வொரு தடவையும் தென்காசியில் ஒரு கட்டு வாங்கி, எல்லையில் இருக்கும் சுங்கச் சவுக்கையில் பிடிபடாமல் மாமனாருக்குக் கொண்டுபோவார். "மாப்பிள்ளைன்னா அவருல்லா!" என்று மாமனார் தெருவெல்லாம் சொல்லுவார். நான் கொண்டுபோகும் அல்வாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வயிறு எரியாதா?

காலை ஏழு மணிக்கு இருவரும் தென்காசியில் இறங்கினோம். கோயில் பக்கத்துக் கடையில் சகலை தம் கட்டை வாங்கிப் பையில் போட்டார். அவர் காப்பி குடிக்கப் போனதும் நான் இரண்டு கட்டு வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். அருவியில் குளித்துவிட்டுச் செங்கோட்டை போவதாக ஏற்பாடு. குற்றாலம் மூன்று மைல். குதிரை வண்டிக்கு ஆறணா கேட்பார்கள், நாலணாவுக்கு வருவார்கள்.

அருவிக்கரையில் வண்டிக்காரன் என் வயிற்றைப் பார்த்தான். "மடியில என்னமோ முட்டிக்கிட்டு இருக்குதே அண்ணாச்சி. வண்டியில வச்சிட்டுப் போங்க."

"ஒண்ணுமில்லடே" என்றேன். வைத்தால் சகலை பார்த்துவிடுவாரே! அப்படியே அருவியில் போய் நின்றேன்.

கரையேறும்போது வேட்டி பழுப்பாகியிருந்தது. புகையிலைச் சாறு உடம்பில் ஊறித் தலை சுற்றியது. செங்கோட்டைச் சாலையில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி வாந்தியெடுத்தேன். சவுக்கைச் சேவகர் மூக்கைச் சுளித்துக்கொண்டு மடியை அவிழ்க்கச் சொன்னார்.

"இந்தச் சக்கைக்கு என்னத்தத் தீர்வை போட?" என்று ஓடையில் எறிந்தார். பிறகு சகலையிடம் திரும்பி, "வாங்க அண்ணாச்சி. வழக்கம்போல ஒரு கட்டுதானே?" என்றார்.

சகலை பையைத் திறந்து காட்டினார். தீர்வையைக் கட்டினார். ரசீதைக் கிழித்துப் போட்டார். இத்தனை வருஷமும் இப்படித்தானாம்!

"மாமாகிட்டச் சொல்லிராதீங்க தம்பி" என்றார்.

சொல்லத்தான் நாக்குத் துடித்தது. ஆனால் சொன்னால், உம்முடைய புகையிலை எங்கே என்று மாமனார் கேட்பாரே! மாமனார் வீட்டில் வேட்டிக் கறைக்குச் சேற்றில் விழுந்ததாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மாமனார் சகலை கொடுத்த கட்டில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் அடக்கிக் கண்ணை மூடினார். "தீர்வை கட்டுன சரக்கு கடையிலயும் கெடைக்குது. களவாக் கொண்டாந்த புகையிலைக்கு உள்ள ருசி அதுல வருதா?"

சகலை அடக்கமாகச் சிரித்தார். அந்த அடக்கத்தைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

செங்கோட்டைக்குப் புகையிலை கொண்டுபோகிறவர்கள் பேசாமல் தீர்வையைக் கட்டிவிடுங்கள். கட்டியதை மட்டும் மாமனாரிடம் சொல்லாதீர்கள்.