ஏதாவது ஒண்ணுன்னா

வயசான காலத்தில் தனி ஆளாக வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள், அப்போது தெரியும் இந்த உலகத்தின் லட்சணம். பிளம்பருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஊரில் பாதிப் பேர் வீட்டுக் குளியலறைக்குள் உரிமையோடு நுழைந்த மனுஷன். இப்போது தலை சாய்க்க இடமில்லை. அவர் குடியிருக்கிற வரிசை வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். மற்றவர்களெல்லாம் காலி பண்ணிப் போய்விட்டார்கள், கரண்டையும் பிடுங்கியாச்சு. மாசக் கடைசிக்குள் இவரும் கிளம்பியாக வேண்டும்.

அவரிடம் இருக்கிற காசுக்கு அறை கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் வாடகையைப் பற்றியா பேசுகிறார்கள்? ஒருத்தர், "இருமல் உண்டா பெரியவரே?" என்றார். இன்னொருத்தர் மாடிப்படி ஏறி இறங்கிக் காட்டச் சொன்னார். மூட்டுவலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு இவரும் ஏறி இறங்கினார். "சொல்லி அனுப்பறேன்" என்றார் அந்த மகாராசன். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்! எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரே பயம்தான். இந்த ஆள் நம் வீட்டில் செத்துத் தொலைத்தால் யார் தூக்குவது? அதை நேரடியாகக் கேட்டால் நன்றாகவா இருக்கும்? அதனால், "ஏதாவது ஒண்ணுன்னா..." என்று இழுப்பார்கள்.

கடைசியில் தரகர் ஒரு அறை காட்டினார். வீட்டின் பின்பக்கம், கார் நிறுத்துகிற இடத்தை ஒட்டி. கட்டில் போட்டால் பக்கவாட்டில்தான் நடக்கலாம். ஆனால் ஜன்னல் இருந்தது, தனிக் கழிவறை இருந்தது, வாடகையும் கட்டுப்படியாகிற மாதிரி இருந்தது. பிளம்பருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆயிற்று. ஒழுகுகிற குழாயைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து, வாஷரை மாற்றி, ஒழுகலை நிறுத்திக் கொடுத்தார். வீட்டுக்காரம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

"நீங்க இங்க இருந்தா எனக்கும் ஒத்தாசைதான். ஏதாவது ஒண்ணுன்னா கூப்பிட, பையன் நம்பர் மட்டும் குடுங்க."

"அவன் எப்பவும் வேலையா இருப்பான்மா..."

"ஒரு வார்த்தை பேசிட்டா எனக்கு நிம்மதிங்க."

கொடுத்தார். வேறென்ன செய்வார்? அந்த அம்மா அங்கேயே ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள்.

மகன் சொந்த வீட்டுக்காரன். பிள்ளைகள் படிக்க இடம் போதவில்லை என்று அப்பாவை அந்த வரிசை வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டவனே அவன்தான். இப்போது அவன் குரலில் தேன் சொட்டியதைக் கேட்கணுமே!

"ஐயோ, அவருக்கு எதுக்கு மேடம் வாடகை வீடு? எங்க வீட்ல அவருக்குன்னு தனி ரூமே இருக்கு, ஏசியெல்லாம் போட்டு. அவருதான் பிடிவாதமா வெளிய இருக்காரு. நீங்களாவது கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

கௌரவமாம்! பெத்தவனை கார் ஷெட் பக்கத்தில் விட்டிருக்கிறான் என்று முன்பின் தெரியாத ஒருத்தி நினைத்துவிடக் கூடாதே.

வீட்டுக்காரம்மாவின் முகம் மாறிவிட்டது. "இப்படித் தங்கமான பிள்ளையை வெச்சுக்கிட்டு இங்க வந்து கஷ்டப்படலாமா? அவரோடயே ஒத்துப்போக முடியலைன்னா, எங்களோட எப்படிங்க?"

பொய், அத்தனையும் பொய் என்று பிளம்பருக்குத் தொண்டை வரை வந்தது. ஆனால் தன் பிள்ளையைப் பொய்யன் என்று ஊரான் முன்னால் எந்த அப்பன் சொல்லுவான்? விழுங்கிக்கொண்டார். "அவன் சொல்றது சரிதாம்மா. நான்தான் கொஞ்சம் பிடிவாதம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

தெருவில் தரகர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். பிளம்பர் மூடியிருந்த ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்று மகனைக் கூப்பிட்டார்.

"ரூம் இருக்குன்னியேப்பா. பையை எடுத்துக்கிட்டு வந்துடட்டுமா?"

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"அப்பா, அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. அதைப் போய் நீங்க..." மகன் தொண்டையைச் செருமினான். "வேற இடம் பாருங்கப்பா. அங்கேயும் கேட்டா தயங்காம என் நம்பரையே குடுங்க. நான் நல்லபடியா பேசறேன்."