தெரியாதவர்கள் கையை மூடித் தூக்கவும்

கிளமெண்ட்டுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆசிரியராக இருப்பவருக்கு வரக்கூடாத சந்தேகம். தான் நடத்துவது பிள்ளைகள் தலைக்குள் போகிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவே இல்லை.

பரவையில் ஒரு மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். வீடு அவனியாபுரத்தில். ஷேர் ஆட்டோவிலும் பஸ்சிலும் மதுரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தினமும் வந்து போவார். பள்ளி நிர்வாகம் அவரை வேலைக்கு எடுத்துவிட்டது. அரசு ஒப்புதல்தான் வராமல் இழுத்தடித்தது. கல்வி அலுவலர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்து, திருப்தி என்று எழுதினால்தான் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் மனைவி டயானாவின் அண்ணன் ஜெரால்டுடைய லேத் பட்டறை இருக்கிறது. ஜெரால்டும் பார்க்கும்போதெல்லாம் கூப்பிடுவார்.

"எதுக்கு மாப்ள அம்புட்டு தூரம் அலையுறீங்க? பட்டறைக்கு வந்துருங்க. இரும்புகிட்ட புரிஞ்சுச்சா புரிஞ்சுச்சான்னு கேக்க வேண்டியதில்ல."

கிளமெண்ட்டுக்கு இரும்பு பிடிக்காது. கணக்குதான் பிடிக்கும். ஆனால் கணக்கு பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறதா என்று பார்க்க அவர் வைத்த பரீட்சைகள் எல்லாம் அவரையே கோமாளியாக்கின.

எழுத்துத் தேர்வில் எல்லோரும் நூறு வாங்கினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, விடைத்தாளை வரிவரியாகப் படிக்கும் வரை. கடையில் விற்கும் நோட்ஸில் ஒரு அச்சுப் பிழை. அதன்படி, ராமு வாங்கிய தேங்காய்கள் பன்னிரண்டு கிலோமீட்டர். வகுப்பு மொத்தமும் பன்னிரண்டு கிலோமீட்டர் தேங்காய் வாங்கியிருந்தது. அடுத்த தேர்வில் தேங்காயை எலுமிச்சையாக மாற்றிக் கேட்டார். அப்போதும் ராமு தேங்காய்தான் வாங்கினான்.

சரி, வாய்மொழியாகக் கேட்போம் என்று இறங்கினார். கேள்வியை முடிப்பதற்குள் கோரஸாகப் பதில் வந்துவிட்டது, வேறு ஏதோ கேள்விக்கு. பாடம் முடிந்து "புரிஞ்சுச்சா?" என்றால், "புரிஞ்சுச்சு சார்" என்று ஓடு அதிரும். ஒருநாள் வெறுத்துப்போய், குரலை மாற்றாமல் சொன்னார்: "நான் நேத்துச் சாயங்காலம் செத்துப்போயிட்டேன். புரிஞ்சுச்சா?"

"புரிஞ்சுச்சு சார்."

முதல் பெஞ்சில் இருந்த பாண்டிச்செல்வி அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாள்.

இந்த நிலைமையில்தான் அடுத்த மாதம் அலுவலர் வருகிறார் என்று தகவல் வந்தது. தலைமை ஆசிரியர் தனிஸ்லாஸ் கிளமெண்ட்டை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பள்ளியில் காலங்காலமாக இருக்கும் ஒரு ஏற்பாட்டை, பூசை நேரத்துக் குரலில் விளக்கினார். அலுவலர் என்ன கேட்டாலும் வகுப்பு மொத்தமும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் கையை விரித்துத் தூக்குவான். தெரியாதவன் மூடித் தூக்குவான். ஆசிரியர் விரித்த கையாகப் பார்த்து எழுப்ப வேண்டும்.

"அலுவலர் கண்ணுக்கு எல்லாம் கை. உங்க கண்ணுக்கு மட்டும் விரல். அவ்வளவுதான் சார் விஷயம்" என்றார்.

கிளமெண்ட்டுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் பட்டறையில் இரும்பு சீவும் சத்தம் காதில் கேட்டது. வகுப்புக்குப் போய் ஒத்திகை ஆரம்பித்தார். அரையைக் காலால் வகுத்தால் என்ன? நோட்ஸில் உள்ள கணக்குதான். பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதியதுதான்.

கைகள் எழுந்தன. அத்தனையும் மூடிய கைகள். ஏதோ ஊர்வலத்துக்குக் கிளம்பிய கூட்டம் மாதிரி இருந்தது. பாண்டிச்செல்வியின் கை மட்டும் விரிந்திருந்தது. ஆவலாக அவளை எழுப்பினார்.

"கொசு சார். பிடிக்க விரிச்சேன்" என்றாள்.

கிளமெண்ட் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரீட்சையில் தெரிந்த மாதிரி எழுதினால் மார்க் வரும். இங்கே தெரியாமல் கையை விரித்தால் எழுப்பிவிடுவார். அலுவலர் முன்னால் முழிக்க வேண்டும். அதனால் ஒரு பிள்ளையும் பொய் சொல்லவில்லை. அலுவலரை ஏமாற்றச் செய்த ஏற்பாடு, இதுவரை எந்தப் பரீட்சையும் சொல்லாத உண்மையை அவருக்குச் சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து தினமும் கை தூக்கச் சொன்னார். மூடிய கை எங்கே இருக்கிறதோ அங்கே போய் நின்று, நோட்ஸை ஓரங்கட்டி, பரோட்டாவை வைத்து மறுபடி நடத்தினார். அரைப் பரோட்டாவில் கால் பரோட்டா எத்தனை இருக்கிறது? ஒவ்வொரு கையாகத் திறந்தது. பாதிதான் புரிந்தது என்றால் என்ன செய்வது என்று பிள்ளைகளே கேட்டு, இரண்டு விரல் என்று முடிவு செய்தார்கள். ராத்திரி தெரிந்தது, காலையில் மறந்துவிட்டது என்றால்? அழகுராஜா அதற்குக் கையை ஆட்டிக் காட்டினான். அதுவும் சேர்ந்தது.

பிறகு அது வகுப்பைத் தாண்டிப் போனது. ஞானோபதேச வகுப்பில் பத்துக் கட்டளைகள் யாருக்குத் தெரியும் என்று கேட்ட பாதிரியார், கோபமாக முஷ்டி உயர்த்திய சபையைப் பார்த்துப் பின்வாங்கினார். மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் கடை வைத்திருக்கும் மலையாண்டி நேரில் வந்து முறையிட்டார்: "சார், சாயங்காலம் எங்கடா போனன்னு கேட்டா, எம் பய விக்ரம் கையை மூடித் தூக்குறான். அடிக்க வர்றானான்னு நானே பயந்துட்டேன்."

வகுப்பில் கைகள் திறக்கத் திறக்க, மார்க் இறங்கியது. கிளமெண்ட் சொந்தமாகக் கேள்வி தயாரித்தார். பிள்ளைகள் தெரிந்ததை மட்டும் எழுதினார்கள். நூறெல்லாம் அறுபது, எழுபது ஆனது. தனிஸ்லாஸ் பதறிப்போனார். இந்த மார்க்கை அலுவலர் பார்த்தால் ஒப்புதலை மறந்துவிடலாம், பேசாமல் பழைய தேங்காய்க்கே திரும்புங்கள் என்றார். கிளமெண்ட் யோசித்துப் பார்த்தார். முடியவில்லை. எலுமிச்சையை வாங்கப் பழகிவிட்ட பிள்ளைகளை மறுபடி கிலோமீட்டர் கணக்கில் தேங்காய் வாங்க அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை.

அலுவலர் கனகலட்சுமி வந்தார். மார்க் பட்டியலைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். தனிஸ்லாஸ் சுவரோரம் ஒதுங்கி நின்றார். அலுவலர் ஒரு கணக்கு கேட்டார். கைகள் எழுந்தன, பெரும்பாலும் விரித்த கைகள். கிளமெண்ட் யாரையும் எழுப்புவதற்குள், அலுவலரே கடைசி பெஞ்சைக் காட்டினார்.

விக்ரம் எழுந்தான், மூடிய கையோடு.

"பதில் சொல்லுப்பா."

"தெரியாது மேடம்."

"தெரியாமத்தான் கை தூக்குனியா?"

"தெரியாதுன்னு சொல்லத்தான் மேடம் தூக்குனேன்."

அப்புறம் அவனே எல்லாவற்றையும் விளக்கினான். விரித்த கை, மூடிய கை, இரண்டு விரல், ஆட்டும் கை, ஒன்று விடவில்லை. இது அலுவலருக்குத் தெரியக்கூடாது என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொன்னான். கிளமெண்ட் மனதுக்குள் பட்டறைக்குப் போய், கிரீஸ் படிந்த உடுப்பு மாட்டி நின்றுகொண்டிருந்தார்.

அலுவலர் மார்க் பட்டியலை மூடி வைத்தார். பிறகு கேட்டார்: "பின்னத்தை வகுக்கும்போது தலைகீழாக்கிப் பெருக்குறோம். ஏன்?"

கைகள் எழுந்தன. சில விரிந்தவை, சில மூடியவை. சுவரோரம் இன்னொரு கையும் எழுந்திருந்தது. தனிஸ்லாஸுடையது. மூடியிருந்தது.

"நீங்களுமா சார்?"

"பழக்கத்துல தானாப் போயிருச்சு மேடம்" என்றார் அவர், கையை இறக்க மறந்து.

கிளமெண்ட் இன்னொன்றையும் பார்த்தார். அலுவலரின் வலது கையும் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. பேனா பிடித்திருந்ததால் அது மூடியிருந்தது என்று நினைக்கவும் இடம் உண்டு.

பாண்டிச்செல்வி எழுந்தாள். இந்த முறை கொசு இல்லை. "ஒரு முழுப் பரோட்டாவுல கால் பரோட்டா நாலு இருக்கு மேடம். அதனால எம்புட்டு பரோட்டா இருந்தாலும் நாலால பெருக்கணும். அரைப் பரோட்டான்னா நாலுல பாதி, ரெண்டு."

அலுவலர் பேனாவை மேஜையில் வைத்தார். கை மெல்லத் திறந்தது.

ஒப்புதல் வந்துவிட்டது. டயானா பட்டறைக்கே போய் அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஒப்புதலோடு இன்னொரு உத்தரவும் வந்தது. இந்த முறையை மற்ற ஆசிரியர்களுக்கும் கிளமெண்ட் பயிற்சியாகக் கொடுக்க வேண்டுமாம்.

டி. கல்லுப்பட்டியில் முதல் பயிற்சி. கூடம் நிறைய ஆசிரியர்கள். காலை முழுக்கப் பேசிவிட்டு, கிளமெண்ட் கேட்டார்: "புரிஞ்சுச்சா?"

"புரிஞ்சுச்சு சார்" என்று கூடம் அதிர்ந்தது.

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். குரலை மாற்றாமல், தான் நேற்றுச் சாயங்காலம் செத்துப்போன விஷயத்தைச் சொன்னார். அதுவும் எல்லோருக்கும் புரிந்தது. பலர் குறித்துக்கொண்டார்கள்.

கடைசி வரிசையில் மட்டும் ஒரு கை எழுந்திருந்தது. மூடிய கை. தனிஸ்லாஸ்தான்.

கிளமெண்ட் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, ஒரு பரோட்டாவை வரைந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.