நோரா வீட்டு யன்னலில் இரண்டு பீங்கான் நாய்கள்

டென்மார்க்குக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் இருந்தவை இந்த நாட்டு யன்னல்கள். திரைச்சீலை போடமாட்டார்கள். விளக்கு, பூச்சாடி, பீங்கான் பொம்மை என்று விளிம்பில் வரிசையாக அடுக்குவார்கள். அடுக்குவதையும் வீதியைப் பார்த்து அடுக்குவார்கள். காசு கொடுத்து வாங்கியவருக்கு முதுகு, தெருவில் போகிறவருக்கு முகம். எங்கள் ஆட்களின் வீட்டு ஷோகேஸில் ஒரு பொம்மையாவது வீட்டாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்குமா?

ஸ்கீவ நகரிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு சின்னத் துறைமுக ஊரில் கொம்யூனுக்கு, அதாவது நகரசபைக்கு, வேலை செய்கிறேன். வயதானவர்களின் வீடுகளுக்குச் சைக்கிளில் போய், குளிக்க உதவி, மருந்து எடுத்துக் கொடுத்து, தூசி தட்டிவிட்டு வருவதுதான் வேலை. யன்னல் துடைப்பது அதில் சேராது. ஆனால் சொன்னதை மட்டும் செய்துவிட்டு வந்தால் எனக்குக் கை உறுத்தும். அப்படித்தான் ஒரு வெயில் நாளில், தனியாக இருக்கும் நோரா என்ற கிழவியின் வீட்டு யன்னலைத் துடைத்தேன். விளிம்பில் இரண்டு வெள்ளைப் பீங்கான் நாய்கள், வெளியே பார்த்தபடி. பார்வை மங்கிய கிழவிக்கு வாலை மட்டும் காட்டிக்கொண்டு இருக்கின்றனவே என்று பாவமாக இருந்தது. கழுவித் துடைத்து, முகத்தை உள்ளே திருப்பி வைத்தேன். வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு கிர்ஸ்டன் யன்னலைக் காட்டிக் காட்டி இரண்டு கையையும் ஆட்டினார். கண்ணாடி பளபளப்பதைப் பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் சந்தோஷமாகக் கையாட்டினேன்.

அடுத்த முறை போனபோது கிர்ஸ்டன் ஒரு பெரிய இனிப்பு ரொட்டியுடன் வந்து நின்றார். “பற்றிக் எங்கே? வந்தவன் எங்களை எட்டியும் பார்க்கவில்லையே. நேற்று அவனுக்கு மெசேஜ் போட்டு நல்லாக் கேட்டிருக்கிறேன்.”

பற்றிக் நோராவின் ஒரே மகன், கப்பலில் என்ஜினியர். நோரா எழுந்து யன்னலடிக்குப் போய், நாய்களை விரல்களால் தடவிப் பார்த்தார். மூக்கு கைக்குத் தட்டுப்பட்டதும் அப்படியே நின்றுவிட்டார். கிர்ஸ்டனுக்கும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும், ரொட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

“நான்தான் திருப்பினேன். மன்னித்துக்கொள்ளுங்கள்,” என்றேன், எனக்குத் தெரிந்த டெனிஷில்.

நோரா ஏசவில்லை. என்னை இருத்தி வைத்துக் கதை சொன்னார். அவருடைய பாட்டன் அயர்லாந்துக் கரையோர ஊர் ஒன்றின் மாலுமி. புயலில் உடைந்த கப்பலைத் திருத்த இங்கே ஒதுங்கியபோது கயிறு திரிப்பவரின் மகளைக் கண்டு, கப்பல் போன பிறகும் தங்கிவிட்டார். சாகும்வரை அவருக்கு டெனிஷ் சரியாக வரவில்லையாம். ஊரார் அவரைப் பெயர் சொல்லியே கூப்பிட்டதில்லை, ‘ஐரிஷ்காரன்’தான். இங்கேயே பிறந்து வளர்ந்த பேத்தியும் இன்றுவரை ‘ஐரிஷ்காரனின் நோரா’. மூன்று தலைமுறை போயும் இந்த நிலை என்றால் என் பேரப்பிள்ளைகளின் பாடு என்ன என்று எனக்குள் ஒரு சிரிப்பு வந்தது.

நாய்களை அந்தப் பாட்டன் இங்கிலாந்துத் துறைமுகத்தில் வாங்கி வந்தாராம். ஆள் கடலில் என்றால் நாய்கள் வெளியே பார்க்கும். ஆள் கரைக்கு வந்தால் உள்ளே திரும்பும். இந்தக் கரையின் பழைய வழக்கம் அது. நோராவின் தகப்பனுக்காகத் திரும்பின, கணவருக்காகத் திரும்பின. ஒரு முறை கணவர் மீன்பிடிப் படகில் போனார், வரவில்லை. பிறகு மகனும் கடலுக்குப் போக நின்றபோது, “கப்பலில் ஏறினால் இந்தப் படியில் ஏறாதே,” என்று சொல்லிவிட்டார். மகன் கப்பலில் ஏறினான். நாலு வருடமாகப் பேச்சில்லை. அந்தக் கோபத்திலும் நாய்களை மட்டும் வெளியே திருப்பி வைத்திருக்கிறார்.

“பழையபடி வைக்கட்டுமா?” என்று கேட்டேன்.

ஒரு நாயின் தலையில் கையை வைத்தார். “வேண்டாம். இருக்கட்டும்.”

அன்று வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்தார்.

“உமக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை? கொம்யூனுக்குத் தெரிஞ்சா என்ன செய்வீர்?”

“தெரிஞ்சாத் தெரியட்டும். அந்த மனுசி பாவமப்பா.”

“ஓம், பாவந்தான். இனி அந்தப் பெடியன் வந்து, தாய் கூப்பிடேல்லை எண்டு தெரிஞ்சால் இன்னும் பாவம்.”

ஒரு கிழமை எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

அடுத்த கிழமை நோரா வீட்டுக் கதவைத் திறந்தவர் நரை விழத் தொடங்கிய ஒரு பெரிய மனிதர், பற்றிக். நாய்கள் உள்ளே திரும்பிவிட்டன என்ற கிர்ஸ்டனின் மெசேஜ் ரொட்டர்டாம் துறைமுகத்தில் கிடைத்ததாம். விடுப்பு எடுத்து ரயிலேறி, எனக்குக் கால்மணிநேரம் முன்னால்தான் வந்து சேர்ந்திருக்கிறார். தாயும் மகனும் அந்நியர்கள் போல ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். பற்றிக் யன்னலைப் பார்த்தார்.

“அம்மா, நீங்களா திருப்பினீர்கள்?”

உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். நோரா என் பக்கம் திரும்பவேயில்லை.

“வேறு யார்?” என்றார்.

அந்த மனிதர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். நான் குசினிக்குள் போய்க் கோப்பி போட்டேன், நிறையவே. யாரிடமும் மன்னிப்புக் கேட்டே பழக்கமில்லாத அந்த மனுசி, ஒரே கேள்வியில் மகனையும் கூப்பிட்டு, என்னையும் காப்பாற்றிவிட்டார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த நல்லதுகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

கோப்பியோடு வந்தபோது மேசையில் மூன்று கோப்பைகள் இருந்தன. நல்ல நாட்களில் டெனிஷ்காரர் மேசையில் சின்னக் கொடி வைப்பார்கள். நோராவின் கோப்பைக்கும் பற்றிக்கின் கோப்பைக்கும் நடுவில் டென்மார்க் கொடியும் அயர்லாந்துக் கொடியும் நின்றன. பற்றிக் மேசை லாச்சியை இழுத்து அதற்குள் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு எந்தக் கொடி?”

இலங்கையின் சிங்கக் கொடி என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஆட்கள் ஊர்வலத்தில் தூக்கும் மற்றதைச் சொன்னால் விளங்கப்படுத்தக் கோப்பி ஆறிவிடும். என் பாஸ்போர்ட் டெனிஷ், அந்தக் கொடி ஏற்கெனவே மேசையில் நிற்கிறது. மூன்றையும் நினைத்து முடிப்பதற்குள் நோரா மகனிடம், “அவளை அவசரப்படுத்தாதே,” என்றார்.

பற்றிக் லாச்சியிலிருந்து கொடியில்லாத ஒரு வெறும் கம்பத்தை எடுத்து, என் கோப்பைக்குப் பக்கத்தில் நேராக நிறுத்தி வைத்தார்.