பெற்றரி வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்

எல்லோரும் இறைவனிடமே திரும்ப வேண்டியவர்கள் என்பதை நெஞ்சில் வைத்து, எங்கள் ராத்தாவின் முதலாம் ஆண்டு நினைவில் அவருடைய ஒரே தம்பி இதை எழுதுகிறேன்.

ராத்தா கல்முனையில் பிறந்தார். வாப்பா சவளக்கடையில் குத்தகைக்கு வயல் செய்தவர். உம்மா நேரத்தோடு மௌத்தாகிவிட்டதால் என்னை வளர்த்தது ராத்தாதான். ராத்தாவின் கணவரான மச்சான் தோணி இயந்திரங்கள் திருத்துபவர். அவர்களுக்கு ஒரே மகள். ஊர் வழக்கப்படி அவளுக்குச் சீதனமாகக் கொடுக்கக் கடலோரத்தில் சிறுகச் சிறுக ஒரு வீடு கட்டினார்கள்.

சுனாமி அந்த வீட்டையும் மச்சானையும் ஒரே காலையில் கொண்டுபோனது. ராத்தா சேற்றுத் தண்ணீரைக் குடித்து, ஒரு தென்னையில் சிக்கித் தப்பினார். அதன் பிறகு அவருக்கு மூச்சு சீராக வரவேயில்லை. மருந்தைப் புகையாக்கித் தரும் இயந்திரத்தை வீட்டில் வைத்திருக்கும்படி டொக்டர் சொன்னார். அது கரண்டில் ஓடுவது. எங்களுக்குக் கிடைத்த மீள்குடியேற்ற வீட்டில் கரண்ட் அடிக்கடி போகும். யுத்த காலத்தில் பாதையும் மூடியிருந்தால் மகள் பக்கத்தில் இருந்து விசிற, ராத்தா கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி மூச்சை இழுப்பார்.

யுத்தம் முடிந்த வருடம், கூரையில் சோலார் தகடும் கரண்டைச் சேமித்து வைக்கும் பெற்றரியும் பூட்டித் தருவதாக ஒருவர் வந்தார். கரண்ட் இல்லாத நேரத்திலும் இயந்திரம் ஓடும் என்றார். மகளுக்காக ராத்தா மறுபடி கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கூரைக்கு ஆகும் அளவுக்கு அதன் விலை இருந்தது. தையல் தைத்துச் சேர்த்த காசு இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும். நான் வயரிங் வேலை செய்பவன். அதனால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“வேணாம் ராத்தா. மூணு வருஷத்துல பெற்றரி செத்துப்போகும், திரும்பவும் புதுசு வாங்கணும். சண்டையும் முடிஞ்சிட்டு. கரண்ட் போனா ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தானே?”

ராத்தா சேர்த்த காசைத் திரும்பவும் முடிந்து வைத்தார்.

“ஓம் தம்பி, நீ செல்லுறது சரிதான். மகள்ர கூரை முடியட்டும்.”

கூரை முடிந்தது. மகளுக்கு நிக்காஹ்வும் நடந்தது. அதற்கடுத்த மாரியில் மழை நாள்கணக்கில் நிற்காமல் பெய்து, வயல்வெளியும் வீதியும் ஒன்றாயின. கரண்ட் போய் இரண்டாம் நாள், நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, ராத்தாவுக்கு மூச்சு முட்டியது. ஆட்டோ வர வழியில்லை. மருந்து கையில் இருந்தது, இயந்திரம் மேசையில் இருந்தது. எனக்குத் தெரிந்த தொழிலால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தோணியில் ஏற்றிக்கொண்டு போனோம். பாதி வழியில் என் மடியிலேயே மௌத்தானார்.

அந்தச் சோலார்காரரைப் பின்னர் தேடிப்போய்க் கேட்டேன். அப்படிப்பட்ட மழையில் தகடு சார்ஜ் ஏற்றியிருக்காது, ஆனால் முன்பே நிரம்பியிருந்த பெற்றரி இரண்டு மூன்று தடவை இயந்திரத்தை ஓட்டியிருக்கும் என்றார். ராத்தாவுக்கு அந்த இரண்டு மூன்று தடவை போதுமாக இருந்திருக்குமா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

இடுப்பளவு வெள்ளத்தில் தோணி தள்ளி வந்த தமிழ் மீனவச் சகோதரர்களுக்கும், ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பெண்களுக்கும், கப்று தோண்டும்போது ஊறிய தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. ராத்தாவுக்காக துஆச் செய்யுங்கள். என்னைப் பார்க்க வருபவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அன்று நான் சொன்னது சரியென்று மட்டும் சொல்லாதீர்கள். அதை ராத்தாவே சொல்லிவிட்டார்.