உறை பிரியாத ஒன்பது வெள்ளி

அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தடவுகிறார் ஸைனப் தாத்தா. உள்ளங்கையை மூக்கருகே கொண்டுவந்து ஈரம் முகர்கிறார். பிறகு மூன்றாம் தட்டிலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் டின்னை இறக்கி, அதற்குள் கிடக்கும் வெண்கட்டித் துண்டுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போடுகிறார். வெண்கட்டி ஈரத்தை உறிஞ்சுமாம். என் வகுப்பறையில் கரும்பலகையில் எழுதி உடைந்தவற்றைச் சேர்த்து நான்தான் கொடுக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இது அன்றாட வேலை.

அக்காவைத் தாத்தா என்று அழைப்பது பதுளை முஸ்லிம்களின் வழக்கம். பக்கத்து வீட்டில் குடியேறிய நாளிலிருந்து நானும் அப்படியே அழைக்கிறேன். அவருக்கு வயது ஐம்பத்தாறு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் படங்கு விற்கிறார். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்கும் செடிக் கீறலுக்கும் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த பிளாஸ்டிக் விரிப்புத்தான் படங்கு. சுருளாக வாங்கி, அளந்து வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, கட்டுவதற்கு நாடா வைப்பார். நமுனுகுல பக்கத்துப் பெண்கள் சம்பளத்துக்கு மறுநாள் வந்து, “போன தடவ மாதிரி நீளமா இருக்கா அக்கா?” என்று கேட்பார்கள். அவர் அவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இடுப்பளவைச் சரியாகச் சொல்லிவிடுவார். “இந்த ஊர்ல எல்லாரும் மழைய ஏசுவாங்க டீச்சர். நா மட்டும் ஏச ஏலா” என்பார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

டின்னுக்குள் இருப்பவை ஒன்பது வெள்ளி நாணயங்கள். புழக்கத்துக்கு வராத நினைவு நாணயங்கள். சில மத்திய வங்கி வெளியிட்டவை, சில வெளிநாட்டிலிருந்து சிநேகிதர் மூலம் வந்தவை. ஒவ்வொன்றும் ஒட்டி மூடிய பிளாஸ்டிக் உறைக்குள், அட்டைப் பெட்டியும் சான்றிதழுமாக இருக்கிறது. தொண்ணூறுகளில் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தவர் அவருடைய கணவர் தாஸிம். படச்சட்டம் போடும் கடை வைத்திருந்தார். எதையும் பிரிக்கப் பிடிக்காத மனிதர். கல்யாணத்துக்கு வந்த தேநீர்க் கோப்பைகள் கடைசிவரை வைக்கோலுக்குள்ளேயே கிடந்தனவாம். நாணயங்களை மனைவி தொடவும் விட்டதில்லை. “தொறந்தா மதிப்பு போயிரும்னு செல்லுவாரு. நானும் சரின்னு ஈந்தேன்.” இருந்தேன் என்பது அவர் பேச்சில் ஈந்தேன், இருக்கிறது என்பது ஈக்கி.

தாஸிம் நான்கு வருடங்களுக்கு முன், பண்டாரவளையிலிருந்து வரும் பஸ்ஸிலேயே மாரடைப்பில் மவுத்தானார். காவல் இவருக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் காவலை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் மண்மேடு சரிந்த அன்று, நான் என் படிப்புச் சான்றிதழ்ப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் கால்செருப்புக்கூட இல்லாமல் அந்த டின்னோடு மழையில் நின்றார். தையல் இயந்திரம் உள்ளே சேற்றில் கிடந்தது. மகள் ஹம்ஸியாவுக்கு அக்குறணையில் பிள்ளை பிறந்தபோது இவர் போகவில்லை. “பெட்டிய ஆருக்கிட்ட நம்பிக் குடுத்துட்டுப் போற?” என்று அன்று என்னிடம் கேட்டார். என்னிடம் தரலாம் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பேத்திக்கு இப்போது இரண்டு வயது. படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

இந்த வருடம் பெருநாள் முடிந்து வந்த தாஸிமின் தம்பி புஹாரி புதிதாக ஒன்றைச் சொன்னார். நாணயங்களை அமெரிக்காவுக்கு அனுப்பினால், அங்கே ஒரு கம்பனி சோதித்து எழுபதுக்கு மார்க் போடும். கண்ணாடி மாதிரி ஒரு கடினப் பெட்டிக்குள் வைத்து மூடித் தரும். அதன்பிறகு நல்ல விலைக்குப் போகும். கொழும்பு வியாபாரி ஒருவர் அனுப்பித் தருவாராம். ஆங்கிலப் படிவமும் வந்தது. அதை வாசித்துச் சொல்லத் தாத்தா என்னைக் கூப்பிட்டார்.

சனிக்கிழமை பிற்பகல். தைத்த படங்குகளை ஒதுக்கி வைத்து, மேசையில் ஒன்பதையும் பரப்பியிருந்தார். நான் வாசித்தேன். சோதிப்பதற்காக அவர்கள் பழைய உறையை வெட்டி எடுத்துவிடுவார்கள். மார்க் குறைந்தால் அனுப்பிய செலவும் வராது. ஒரு நாணயத்தின் ஓரத்தில் பழுப்பாக ஏதோ தெரிந்தது. உறையின் கறையா, வெள்ளியே கறுத்திருக்கிறதா என்று வெளியே இருந்து சொல்ல முடியவில்லை.

“அப்ப, தொறந்து பாத்தாத்தான் அனுப்பலாமா வாணாமான்னு தெரியும்?”

“ஓம் தாத்தா.”

“தொறந்தா அவர் சென்ன மதிப்பு போயிரும்.”

“ஓம்.”

நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

“அறுவத்தொம்பது எடுத்து வந்திச்சின்னு வெச்சிக்கோங்க. பொறகு?”

விற்கலாம், அல்லது இன்னும் விலை ஏறும்வரை வைத்திருக்கலாம் என்றேன்.

“எங்க வெக்கிற?”

நான் சுவர்களைச் சுற்றிப் பார்த்தேன். அலுமாரியைத் தவிர அந்த வீட்டில் வேறு இடம் இல்லை.

“புஹாரி தம்பி செல்லுறாரு, மார்க் வந்தா இன்னும் பத்திரமா பாக்கணுமாம். இன்னும் பத்திரமா.” கண்களைத் திறந்தார். “எனக்கு ஏலா டீச்சர். கோவத்துல செல்லல்ல. ஒடம்புக்கு ஏலா.”

பிறகு, “அந்தக் கம்பனிக்காரங்களாவது கையால தொடுவாங்களா?” என்று கேட்டார்.

இல்லை, கையுறை போட்டு ஓரத்தைத்தான் பிடிப்பார்கள் என்றேன். பளபளப்பின் மேல் விரல் பட்டால் ரேகை பதிந்துவிடும், அழிக்கவும் முடியாது, அப்புறம் மார்க்கே கிடையாது என்று படிவத்தில் இருந்ததைச் சொன்னேன்.

“அப்பிடியா” என்றார்.

பழுப்பு தெரிந்த அந்த உறையை எடுத்தார். அதன் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். நாணயம் உள்ளங்கையில் விழுந்தது. கறை உறையோடு போயிருந்தது; வெள்ளி கண்ணாடிபோல இருந்தது. என் கை என்னையறியாமல் மேசைக்கு மேலே எழுந்தது. அவர் கவனிக்கவில்லை. தைத்துத் தைத்துக் காய்ப்பேறிய கட்டைவிரலை நாணயத்தின் நடுவில் வைத்து அழுத்தி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மெதுவாக இழுத்தார். திருப்பி, மறுபுறமும் அப்படியே செய்தார்.

“குளுந்து ஈக்கி” என்றார்.

அதைப் படிவத்தின் மேல் வைத்துவிட்டு, இரண்டாவது உறையை எடுத்துப் பல்லுக்கிடையில் வைத்தார்.