வடாலாவில் தொலைந்த மாமா

தாராவியிலிருந்து செம்பூருக்கு ரயிலில் நேராகப் போக முடியாது. மாஹிமில் ஏறித் தெற்கே வடாலா வரை போய், அங்கே வண்டி மாறி, மறுபடி வடக்கே குர்லாவுக்கு வந்து, அதன் பிறகு கிழக்கே திரும்ப வேண்டும். வரைந்து பார்த்தால் ஒரு தூண்டில் முள் மாதிரி இருக்கும். அப்பாவுக்கு இது பைத்தியக்காரத்தனம். அவர் எப்போதும் பஸ்ஸில்தான் போவார். அம்மாவின் தம்பியான மாமாவோ ஹார்பர் லைனை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

மாமா காட்டன் கிரீனில் ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் மூட்டை அடுக்கும் வேலையில் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நாள் முதல் தினமும் அந்த ரயில்தான். அதன் வரலாறு முழுவதும் அவருக்கு அத்துப்படி. "இது துறைமுகத்துக்காகப் போட்ட லைனுட்டி. முதல்ல சரக்கு போச்சு, பொறவுதான் மனுசன் போனான்" என்று ஆரம்பிப்பார். குர்லாவிலிருந்து வந்த பாதை ரே ரோடோடு நின்றிருந்த காலம், அப்புறம் வீடுகளுக்கு மேலே பாலம் கட்டி அதை விக்டோரியா டெர்மினஸுக்கு, எங்கள் பேச்சில் விடிக்கு, கொண்டுபோன காலம், எல்லாம் கூட இருந்து பார்த்தவர் போலச் சொல்வார். கரண்டு ரயில் இந்த தேசத்திலேயே முதன்முதலில் ஓடியது ஹார்பர் லைனில்தான் என்று சொல்லும்போது, அதை அவரே ஓட்டியது போல முகம் இருக்கும். மாஹிம், கிங்ஸ் சர்க்கிள், வடாலா, சிவ்ரி, காட்டன் கிரீன் என்று அவர் சொல்லிக்கொடுத்த வரிசையை நான் வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம் செய்திருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது மாமாவுக்குச் செம்பூரில் ஒரு பெண் அமைந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பம். பெண்ணின் அப்பா எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தார். பெண் மாட்டுங்காவில் மெட்ரிக் வரை படித்தவள். மாமாவும் எட்டாவது முடித்தவர்தான் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. மாமாவால் அதுவரை பொறுக்க முடியவில்லை.

மாஹிம் தர்கா சந்தையில் எனக்கு வளையல் வாங்கித்தருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒரு வாரம் முந்தியே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். திட்டத்தை வழியில் சொன்னார். செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாவு மில், அதன் மாடியில் பெண் வீடு. நான் மேலே போய்த் தண்ணீர் கேட்க வேண்டும். குடித்துவிட்டு வந்து, பெண் எப்படி என்று சொல்ல வேண்டும். அவர் தெருமுனையில் நிற்பார்.

"யாரு, எங்கேயிருந்து வாறன்னு கேட்டா?"

"தாகமா இருக்குன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வாயைத் தொறந்துராத, என்ன?"

எனக்குப் பொய் சொல்லவே வராது. அம்மாவிடம் ஒரு பொய், செம்பூரில் இன்னொரு பொய்.

வடாலாவில் இறங்கி எதிர் மேடைக்குப் போனோம். விடியிலிருந்து வரும் வண்டிகள் எல்லாம் அங்கேதான் வரும். ஆனால் வடாலா தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்துவிடும். ஒன்று நாங்கள் வந்த வழியிலேயே மாஹிம், பாந்த்ரா. மற்றது கோலிவாடா, குர்லா, செம்பூர், கடைசியில் மான்கூர்டு. எந்த வண்டி எங்கே போகும் என்று மேடையில் தொங்கும் பலகையில் இந்தியிலும் இங்கிலீஷிலும் போட்டிருப்பார்கள். ஒரு வண்டி வந்து நின்றது. மாமா என் கையைப் பிடித்து ஏற்றினார்.

"மாமா, பாந்த்ரான்னுல்லா போட்டிருக்கு."

"அது போன வண்டிக்குப் போட்டது. மாத்த மறந்திருப்பான். நீ ஏறு."

கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளியில் இந்தியும் சொல்லித்தந்தார்கள். எனக்கு நன்றாக வாசிக்க வரும். ஆனால் ஹார்பர் லைனைப் பற்றி மாமாவிடம் யார் வாதாடுவது? சிறிது நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே கிங்ஸ் சர்க்கிள் வந்து நின்றது. மாமா எழுந்து நின்று அதைப் பார்த்தார். அந்த ஸ்டேஷன் இடம் மாறி வந்து நிற்பது போலப் பார்த்தார். பிறகு இறங்கி, என்னையும் இறக்கி, திரும்பும் வண்டிக்காகப் படியேறினார்.

மறுபடி வடாலா. இப்போது மாமாவின் முகம் வேறாகிவிட்டது. மேடையில் நின்றவர்களிடம் இந்தியில் விசாரித்துக்கொண்டே இருந்தார். ஒருவர் அடுத்ததுதான் என்றார், இன்னொருவர் அதற்கும் அடுத்தது என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சந்தைக்கு எதிர்த்திசையில் இத்தனை தூரம் வந்தது அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வண்டி வந்தது. பலகையில் 'மான்கூர்டு' என்று தெளிவாக இருந்தது.

"மாமா, இதுதான், இதுதான்!" என்று கத்திக்கொண்டே முன்னால் இருந்த பெட்டியில் ஏறிவிட்டேன்.

மாமா ஏறவில்லை. என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற ஆளின் தோளைத் தொட்டு ஏதோ கேட்டார். அந்த ஆள் பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. மாமா ஓடி வந்தார். "எறங்காதட்டி! எறங்காத!" என்று அவர் கத்தியது கேட்டது. அதன் பிறகு சொன்னது கேட்கவில்லை. மேடை முடிந்துவிட்டது.

உப்பளங்கள் வெயிலில் வெள்ளையாகப் பின்னால் ஓடின. நான் அழத் தொடங்கினேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நிற்பதா, செம்பூர் வரை போவதா? இறங்காதே என்றால் எது வரைக்கும் இறங்கக் கூடாது? மான்கூர்டோடு தண்டவாளம் முடிந்துவிடும், அதற்கப்பால் கழிமுகம்தான் என்று மாமா சொல்லியிருந்தார். நிற்காமல் போய் வண்டி தண்ணீருக்குள் இறங்குவது போலத் தோன்றி, வாசல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

வாசலருகே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு மீனவக் கோலிப் பெண் என் பாவாடையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். "ரடூ நகோ" என்று அதட்டினாள். மராத்தியில் அழாதே என்று அர்த்தம். ஆனால் அடித்துவிடுவாள் போல இருந்தது அந்தக் குரல். எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். செம்பூர், மாவு மில், மாடி என்று விக்கி விக்கிச் சொன்னேன். அவளுக்கு அந்த வீடு தெரிந்திருந்தது. ஞாயிறுதோறும் அங்கே மீன் கொடுக்கிறவள் அவள்.

செம்பூரில் இறங்கியதும் அவள் உடனே போய்விடவில்லை. கூடையை இறக்கிவைத்து என்னோடு காத்திருந்தாள். அடுத்த வண்டி வந்தது. இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். மாமா இல்லை. இன்னொன்று வந்தது. அதிலும் இல்லை. மீன் கெட்டுவிடும் என்று முணுமுணுத்தவள், கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தாள்.

அப்படித்தான் மாமா அனுப்பவிருந்த வீட்டுக்கு, மாமா இல்லாமல், மீன் கூடையோடு போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்தது அந்தப் பெண்ணேதான். உயரமாக, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, கையில் மாவோடு வந்தாள். எனக்குத் திட்டம் ஞாபகம் வந்தது.

"தாகமா இருக்கு" என்றேன்.

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும் சொல்ல வேறு ஒன்றும் இல்லாததால் உரக்க அழுதேன்.

"என்ன பிள்ள, தொலஞ்சு போயிட்டியா?"

"நான் தொலையல. எங்க மாமாதான் வடாலாவுல தொலஞ்சுட்டாரு."

அவள் சிரிக்கவில்லை. மாமா என்ன வேலை, வீடு எங்கே என்று கேட்டாள். தாராவி, காட்டன் கிரீன், பஞ்சுக் கிட்டங்கி என்று நான் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் என்னவோ மாறியது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கையைக் கழுவிவிட்டு, வீட்டைப் பூட்டி, என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. எனக்கு அது முழுப் பகலாக இருந்தது. வண்டி வரும்போதெல்லாம் அவள் என் கையை இறுக்கினாள். போனதும் தளர்த்தினாள். "வந்துருவாக. வராம எங்க போயிருவாக?" என்று எனக்குச் சொல்வது போலத் தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

மாமா வந்தார். சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்து, தலை கலைந்து, வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தார். ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டார். நான் கோலிவாடாவில் இறங்கியிருப்பேனோ என்று அங்கே ஒரு தடவை, குர்லாவில் ஒரு தடவை இறங்கித் தேடியிருக்கிறார். என்னோடு ஏறியது போதாதென்று, நடுவில் இன்னொரு முறையும் பாந்த்ரா வண்டியில் ஏறிவிட்டிருக்கிறார். இதையெல்லாம் மூச்சுவிடாமல் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், பக்கத்தில் நின்றவளை அப்போதுதான் கவனித்தார். யாரென்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு தடவையா பாந்த்ரா வண்டில ஏறுவாக? போர்டப் பாக்கலியா?" என்று கேட்டாள்.

மாமா பலகையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

அவள் அவரையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, விரலை நீட்டி, பலகையில் இருந்ததைக் காட்டினாள். "இங்க பாரு. இந்த முதல் எழுத்து 'மா'. இது இருந்தா நம்ம பக்கம். 'பா'ன்னா உங்க பக்கம். வடாலாவுல இந்த ஒரு எழுத்தப் பாத்துக்கிட்டாப் போதும்." எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரியும் என்று சொல்லவும் செய்தேன். "தெரிஞ்சாலும் இன்னொரு தடவ கேட்டுக்கோ" என்று சொல்லி, அதையே மெதுவாகத் திரும்பச் சொன்னாள். சொல்லும்போது மாமாவை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எங்கள் வண்டி கிளம்பும்வரை நின்றுவிட்டுப் போனாள்.

வளையல் வாங்காமலே வீட்டுக்குப் போனோம். சந்தையில் கூட்டம் என்று மாமா அம்மாவிடம் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் செம்பூரிலிருந்து ஆள் வந்தார். பெண் சம்மதம் சொல்லிவிட்டாளாம். பெண் பார்க்கும் சடங்கெல்லாம் வேண்டாம், நேராகப் பரிசம் போடலாம் என்கிறாளாம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். அந்த அக்கா நம் வீட்டுக்கே வந்துவிடுவாள் என்று உள்ளுக்குள் குதித்தேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தட்டிலிருந்து நிமிராமல் சொன்னார்.

"எனக்கு வேண்டாம்க்கா."

"ஏம்ல? என்ன கொற கண்ட?"

"கொறல்லாம் இல்ல. வேண்டாம்னா விட்டுரு."

அம்மா அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். அப்பா ஒருநாள் கடையிலிருந்து சீக்கிரம் வந்து பேசினார். மாமா அசையவில்லை. அவ்வளவு நல்ல அக்காவை எப்படி வேண்டாம் என்று சொல்லலாம் என்று நானும் பல நாள் அவரோடு பேசவில்லை. வைகாசியில் அவளுக்கு முலுண்டில் ஆபீஸ் வேலை பார்க்கும் ஒருவரோடு கல்யாணம் ஆயிற்று என்று அம்மா கேள்விப்பட்டு வந்து, மாமாவின் காதில் விழும்படி அடுப்படியிலிருந்து சத்தமாகச் சொன்னாள். மாமா எழுந்து வெளியே போனார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா என்னைக் கூப்பிட்டார். கோபத்தை மறந்து போனேன். மாஹிம் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் என்னை உட்காரவைத்து, எதிரே இருந்த பலகைகளையும் விளம்பரங்களையும் காட்டி, "எங்க, ஒவ்வொண்ணா வாசி பாப்போம்" என்றார். வாசித்தேன். "எழுத்து எழுத்தா சொல்லு" என்றார். சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டு, "சரி, அடுத்தது" என்பார். மழைக்காலம் முழுவதும் ஞாயிறுதோறும் அப்படிப் போனோம். நான் படிப்பில் எப்படி இருக்கிறேன் என்று மாமா சோதிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு எழுத்தும் தப்பிவிடக் கூடாதே என்ற பயத்தில், நிறுத்தி நிறுத்தி, மேடை முழுக்கக் கேட்கும்படி, நன்றாக உரக்க வாசித்தேன்.