ரங்கெல் அண்ணன் வாங்கி வந்த சிவப்பு ரோஜா

ஜூன் மாதத்தில் ஸ்விஷ்தோவ் ஊரில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தாலே ரங்கெல் அண்ணன் வீட்டு ரோஜா மணக்கும். வாசற்கதவின் மேல் படர்ந்த கருஞ்சிவப்புக் கொடி. அவர் மனைவி ஸ்த்ராவ்கா அக்கா முதல் பூவை அவர் மூக்கருகே நீட்டுவாள். அவர் கண்ணை மூடி, "அடடா!" என்பார். மற்றப் பூக்களின் இதழ்களெல்லாம் சர்க்கரைப் பாகுக்குப் போகும். அந்த ஜாம் ஒரு கரண்டியும் ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீரும், நினைத்தால் இன்னும் நாக்கில் எச்சில் ஊறுகிறது.

ஒரு பொல்லாத பனியில் கொடி வேரோடு பட்டுப்போனது. அந்த வசந்தத்தில் அக்காவும் படுத்துவிட்டாள். "அந்த வாசனைய இன்னொரு தடவ பாத்துட்டாப் போதும்" என்று புலம்பினாள்.

அண்ணன் புது ரோஜாச் செடி வாங்க என்னைச் சந்தைக்கு இழுத்துப் போனார்.

"நான் எதுக்குண்ணே?"

"உன் மூக்குக்குத்தான். ஆலையில அமிலப் புகை என் மூக்கக் கல்யாணத்துக்கு முன்னாடியே தின்னுடுச்சு. அவளுக்குத் தெரியாது. தோன்கா, வாயத் திறந்தே, தொலைஞ்சே!"

இத்தனை வருஷமும் நடிப்பா! எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

கடைக்காரன் கொத்துக் கொத்தாய்ப் பூத்த ஒன்றைக் காட்டி, "வாசம் தெருவையே தூக்கும்" என்றான். நான் குனிந்தேன். ஒன்றுமில்லை.

"அது வெறும் பகட்டு. ஒத்தப் பூவா, தலையத் தொங்கப்போட்டு நிக்குது பார், அத மோந்து பாரு" என்றார் அண்ணன். மோந்தேன். அக்காவின் அடுப்படியே வந்து நின்றது.

ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நட்டார். அக்காவின் ஜன்னலோரம் கிளைகளைப் படுக்கைவாட்டில் கட்டினார். "நெட்டுக்குத்தா விட்டா உச்சியில மட்டுந்தான் பூக்கும்." குளிருக்கு மண் அணைத்து வைக்கோல் போர்த்தினார். அடுத்த ஜூன் வரை அக்கா தாங்குவாளா என்பதுதான் எங்கள் பயம்.

தாங்கினாள். அண்ணன் முதல் பூவைக் கொண்டுவந்தார். அக்கா அதை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். "அதேதாங்க" என்றாள்.

"பின்னே? மோந்து பாத்துத்தானே வாங்கினேன்!" என்று கூசாமல் சொல்லிவிட்டு, இன்னும் பூப் பறிக்க ஓடினார்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "மருந்து தின்ன ஆரம்பிச்சதுலேர்ந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியலடி. அவருக்கு மனசு விட்டுப்போயிடும்னு சொல்லல. நல்லா மணக்குதா?"

"மணக்குதுக்கா" என்றேன். அறையெல்லாம் ரோஜா மணம். அந்த வீட்டில் அது தெரிந்தது எனக்கு மட்டும்தான்.